பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் ஒரு மீன்

பல்லக்கா குழாயின் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறார். வெள்ளை அங்கியின் பையிலிருந்து சிறிய எஃகு அளவுகோலை எடுத்து, அதன் இரண்டு அலகுகளுக்கு நடுவே குழாயைக் கொடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசிக்கிறார். "பன்னெண்டு." பிறகு தண்ணீர் வடிகட்டியின் வாயை அளக்கிறார். "பதினாறு." மறுபடியும் முதல் குழாயை எடுத்து அளக்கிறார், அந்த அரை நிமிடத்துக்குள் அது மனம் மாறியிருக்கக்கூடும் என்பதுபோல. அது மாறவில்லை. "பன்னெண்டேதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

அரை மில்லிமீட்டர் பிசகினால் யாரோ ஒருவர் சாப்பிட முடியாமல் போகும் தொழிலில் இருப்பவர். எனவே எதையும் கண்ணால் மட்டும் பார்த்து நம்புவதில்லை. சட்டைப் பொத்தான் வாங்கினாலும் அளப்பார். பூட்டு வாங்கினால் சாவியையும் சேர்த்து அளப்பார். ஒருமுறை படிக்கட்டில் என்னை நிறுத்தி, என் கண்ணாடி ஒருபக்கமாக இறங்கியிருக்கிறது என்று சொல்லி, இரண்டு காதையும் அளந்து பார்த்தார். "கண்ணாடி மேல தப்பில்ல தம்பி. உங்க காதுதான் கோணல்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் மேலே.

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. ஐம்பத்திரண்டு வயது. ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பதினேழு வருடமாகப் பல் செட் செய்கிறார். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் சுண்ணச்சாந்து மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி முன்னறைக்கு அனுப்புவார். "பல்லக்கா, பல்லக்கான்னு கூப்பிடறப்போ ஏதோ பல்லக்குல போற ராணி மாதிரி இருக்கு. நெசத்துல பஸ்ஸுல சீட்டே கெடைக்கறதில்ல" என்பார். இதைச் சொல்லிச் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். ஊருக்கெல்லாம் வரிசை வைத்தவரின் சொந்தப் பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் நிற்கும்.

அந்தப் பின்னறைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் முன்னறைக்கும் நடுச்சுவரில் ஒரு மீன்தொட்டி பதித்திருந்தார்கள். முன்னறைக்காரர்களுக்கு அது அலங்காரம். பல்லக்காவுக்கு அதுதான் ஜன்னல். தொடக்கத்தில் ஆறு மீன்கள் இருந்தன; கடைசியில் மிஞ்சியது ஒரு தங்கமீன். ஒன்பது வயது, உள்ளங்கை நீளம், வாலில் ஒரு கிழிசல். எப்போதும் காத்திருப்பு அறையிலேயே இருப்பது, ஒருநாளும் யாரும் உள்ளே கூப்பிடாதது. எனவே அதற்கு அவர் வைத்த பெயர் பேஷண்டு.

"பதினேழு வருஷத்துல எத்தனை ஆயிரம் வாய் என் கைக்கு வந்திருக்கும்? ஒரு மூஞ்சிகூட எனக்குத் தெரியாது தம்பி" என்று ஒருநாள் சொன்னார். "அந்தத் தண்ணி வழியாத்தான் பாப்பேன். செட்டை மாட்டிக்கிட்டு வெளிய வருவாங்க. தொட்டிக் கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாங்க. அந்தப் பக்கம் ஒருத்தி நிக்கறான்னு தெரியாது. நான் மேல்வரிசை சரியா வந்திருக்கான்னு பாத்துக்குவேன். பேஷண்டும் கூட நின்னு பாக்கும்."

போன மாதம் டாக்டர் முன்னறையில் பெரிய டிவி மாட்டத் தீர்மானித்தார். ஒரு வெள்ளிக்கிழமை தொட்டியைப் பெயர்த்தபோது அது மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. சுவரில் இருந்த சதுர ஓட்டையைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். மீனை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. "யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். பல்லக்கா மாவு கரைக்கும் வாளியை மூன்று முறை கழுவி, தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, மீனை எடுத்துக்கொண்டார். தொட்டியில் கிடந்த பழைய வடிகட்டிப் பஞ்சையும் ஈரம் காயாமல் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்தார். பல்லக்கா முதல் இருக்கையில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சைக்கிள்காரர்கள்கூடத் தாண்டிப் போனார்கள். "கல்யாணம் ஆயி இத்தனை வருஷத்துல இவரு இவ்வளவு மெதுவா ஓட்டி நான் பாத்ததில்ல. புள்ளத்தாச்சியாட்டம் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தாரு" என்று பிறகு சொன்னார். வீட்டுக்காரர் இதை மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. அவர் பொதுவாக எதையும் சொல்லுகிறவர் இல்லை.

சனிக்கிழமை தொட்டி வாங்கக் கிளம்பினார். ஒரு கடையில் தொட்டி இருந்தது, அதனுடனே விளிம்பில் மாட்டும் குழாய்களும் இருந்தன. அந்த அளவுக்கான வடிகட்டி இல்லை. வடிகட்டி இன்னொரு கடையில் கிடைத்தது. பெரிய டப்பா போன்ற வடிகட்டி. தொட்டிக்கு வெளியே இருந்து தண்ணீரை இழுத்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்பும். விளக்கு மூன்றாவது கடையில். ஒவ்வொரு கடையிலும் அளவுகோலை எடுத்தார். ஒவ்வொரு கடைக்காரரும் சிரித்தார்கள். "அதெல்லாம் அளக்கவே வேணாம்க்கா. எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸுதான்." அந்த வார்த்தையை மூன்று வாய்களிலிருந்து ஒரே நாளில் கேட்டதும் வாழ்க்கையில் முதல்முறையாக அளக்காமல் வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது ஸ்டாண்டர்டு என்பது ஆளுக்கொன்று என்று தெரிந்தது. விளக்கின் கவ்வி ஆறு மில்லிமீட்டர் திறந்தது. தொட்டிக் கண்ணாடியோ எட்டு. மூடியை மூடினால் குழாய் நுழையவில்லை, குழாயை நுழைத்தால் மூடி மூடவில்லை. வடிகட்டியின் மின்செருகி வீட்டுச் சுவரில் இருந்த எந்தத் துளைக்கும் சொந்தமில்லாததாக இருந்தது. பழைய பஞ்சு சதுரம், புது டப்பா உருண்டை. தண்ணீர் சூடாக்கும் கருவி ஒன்றையும் முதல் கடைக்காரர் கட்டாயப்படுத்திக் கொடுத்திருந்தார். அது இல்லாவிட்டால் மீன் விறைத்துவிடும் என்றாராம். இரண்டாவது கடைக்காரரோ அதைப் பார்த்ததும் பதறிப்போய், "தங்கமீனுக்கு எதுக்குக்கா இது? வேகவைக்கப் போறீங்களா?" என்றாராம். பல்லக்கா அதைத் தொட்டிக்குள் நிறுத்திப் பார்த்தார். தலை தண்ணீருக்கு மேலே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. அளவு வேறு, தேவை வேறு என்று இரண்டு விதத்திலும் அது பொருந்தவில்லை. ஏதாவது ஒரு விதத்தில் பொருந்தியிருந்தால்கூட வைத்துக்கொண்டிருப்பேன் என்றார்.

மின்செருகிக்கு ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினார். மூடியில் தானே வெட்டு போட்டுக்கொண்டார். பஞ்சைக் கத்தரித்து உருண்டையாக்கினார். ஆனால் தொட்டிக் குழாய் பன்னிரண்டு, வடிகட்டிக் குழாய் பதினாறு என்பதற்கு மட்டும் கத்தரிக்கோலில் பதில் இல்லை. சூடான தண்ணீரில் சின்னக் குழாயை முக்கி இளக்கி, பெரிய குழாய்க்குள் செருகி, நூல் சுற்றி இறுக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியை அலமாரியின் மேலும் வடிகட்டியை அதன் அடியில் தரையோடும் வைத்து ஓடவிட்டார். ஓடியது.

அன்று மதியம் நான் எழுதிக்கொண்டிருந்த தாளின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த சொட்டு நெற்றியில். மேலே ஓடினேன். கதவு திறந்திருந்தது. பல்லக்கா ஒரு குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். வீட்டுக்காரர் ஒரு பெரிய துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றிருந்தார். தொட்டியில் கால்வாசித் தண்ணீர் தரையில் இருந்தது.

"விரலை எடுக்கவா?" என்று பல்லக்கா என்னிடம் கேட்டார்.

"எடுக்காதீங்க. மொதல்ல மோட்டாரை நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன் தம்பி. நிறுத்தினப்புறமும் வருது. கரண்டே இல்லாம எப்பிடி வருது?"

மூன்று பேரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் வீட்டுக்காரர்தான் துண்டைக் கீழே போட்டுவிட்டு, குழாயின் மறுமுனையைத் தொட்டித் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கினார். நின்றது.

"உங்க வீட்டுக்குத் தண்ணி எறங்கிடுச்சே" என்று பல்லக்கா நொந்துபோனார். நான் பரவாயில்லை என்றேன். "பரவாயில்லைன்னு நீங்க சொல்றீங்க. உங்க மேஜை சொல்லுமா?" குழாயின் பிளந்துபோன முனைகளை வெட்டியெறிந்தார். இனி ஒரு சொட்டும் கீழே இறங்கக்கூடாது என்று வடிகட்டியைத் தரையிலிருந்து தூக்கி, அலமாரியின் மேல், தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். என்மேல் வைத்த அந்தக் கரிசனம் பின்னால் எவ்வளவு பாடுபடுத்தப் போகிறது என்று எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

மீன் வாளியில் இருந்தது. வாளித் தண்ணீரைக் காலையும் மாலையும் பாதி மாற்றினார். தொட்டியிலேயே விட்டுவிடலாமே என்றேன். "ஒருத்தரு விடுங்கறாரு. ஒருத்தரு வடிகட்டி ஓடாத தண்ணியில விட்டா செத்துரும்ங்கறாரு. போன்ல ஒரு வீடியோக்காரரு மூணு வாரம் கழிச்சு விடுங்கறாரு. மூணு வாரம் வாளியில கெடக்கணுமாம். எந்த வாயை நான் நம்பறது?"

திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் தனக்குத் தெரிந்த வழிக்குத் திரும்பினார். இரண்டு குழாய்களின் வாயிலும் அச்செடுத்தார். மெழுகில் வார்த்து, பல் செட்டுக்கு ஈறு செய்யும் பொருளிலேயே ஒரு முனை பன்னிரண்டும் மறுமுனை பதினாறுமாக இரண்டு இணைப்புகள் செய்தார். அதற்கு வேறு நிறம் கிடையாது. இரண்டும் நல்ல ஆரோக்கியமான ஈறு போலப் பளபளவென்று ரோஜா நிறத்தில் இருந்தன. டாக்டர் பின்னறைக்கு வந்தவர் அதில் ஒன்றைக் கையில் எடுத்தாராம். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மேலயா, கீழயா?"

"ரெண்டும் இல்ல டாக்டர்."

"யாரோட கேஸு?"

"நம்ம பேஷண்டு."

"எந்தப் பேஷண்டு? அட்டையைக் காட்டுங்க."

பல்லக்கா சுவரில் அடைத்திருந்த பலகையைப் பார்த்தாராம். டாக்டரும் அதைப் பார்த்தார். அந்த ரோஜா நிற வளையத்தை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு, "உள்பக்கம் நல்லாத் தேயுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மருந்து நெடி போக ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவற்றைப் பொருத்தினார். என்னையும் கூப்பிட்டிருந்தார், கூரை ஒழுகுமோ என்ற பயத்தில் இருப்பேன் என்று. அப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை. குழாய் உள்ளே போகும்போது சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். நூல் இல்லை, பசை இல்லை. பல்லக்கா சுவிட்சைப் போட்டார்.

வடிகட்டி முனகியது. தண்ணீர் வரவில்லை.

அணைத்துப் போட்டார். முனகியது. முதல் கடைக்குப் போன் செய்தார். "உள்ள காத்து நிக்குது, குலுக்குங்க." குலுக்கினார். இரண்டாவது கடைக்கு. "ஐயையோ, குலுக்கவே கூடாது. அசையாம அஞ்சு நிமிஷம் விடுங்க." விட்டார். மூன்றாவது கடைக்காரர் தான் விளக்கு மட்டும்தான் விற்றதாக ஞாபகப்படுத்தினார்.

"தப்பா இருந்தப்போ ஓடுச்சு" என்றார் பல்லக்கா, தரையில் உட்கார்ந்து. "சரியா வந்ததும் நின்னுருச்சு. இது என்ன கணக்குன்னே புரியல தம்பி. வாயில இப்பிடி நடக்காது. பல்லு பொருந்துச்சுன்னா மெல்லும். பொருந்தலைன்னா மெல்லாது. இதுல பொருந்தாதது ஓடுது, பொருந்துனது ஓடல." வாளிப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கிழிசல் வால் அசையவில்லை.

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வடிகட்டியோடு வந்த விளக்கத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எழுத்தே கிடையாது, வெறும் படங்கள். பல்லக்கா அதைச் சனிக்கிழமையே பார்த்திருந்தார். ஒரு படத்தில் ஒரு மனிதன் நிற்கிறான், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அந்த ஆள் செருப்பில்லாமல் நிற்பதால் கரண்ட் அடிக்கும் என்கிறார்கள் போல என்று எண்ணி, நான்கு நாளாகச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொட்டிப் பக்கமே போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்றார் வீட்டுக்காரர். சாலைக் குறிகளை முப்பது வருடம் படித்த கண். "செருப்பை விடு. பெட்டியைப் பாரு. பெருக்கல் போட்ட படத்துல தொட்டியும் பெட்டியும் ஒரே மட்டத்துல இருக்கு. டிக் போட்ட படத்துல பெட்டி கீழ இருக்கு."

பல்லக்கா தாளை வாங்கினார். பார்த்தார். என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன்.

"தண்ணி தானா எறங்கித்தான் பெட்டிக்குள்ள போகணும் போல. அன்னிக்குக் கரண்டு இல்லாம வந்துச்சே, அதேதான்" என்றார் வீட்டுக்காரர். "கீழ வெச்சாத்தான் எறங்கும்."

"இதை ஏங்க நாலு நாளா சொல்லல?"

"நீ கேக்கல."

சரி, கீழே வைக்கலாம் என்று தூக்கினார்கள். வெட்டியெறிந்ததில் குழாய் ஒரு சாண் குறைந்திருந்தது. டப்பா தரைக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்கியது. அடியில் ஏதாவது வைக்க வேண்டும். முக்காலி அலமாரிக்கு அடியில் நுழையவில்லை. பிஸ்கட் டின் எடை தாங்காமல் நெளிந்தது. பல்லக்கா அளவுகோலை வைத்து உயரத்தைக் கணக்குப் பார்த்து வீடு முழுக்கத் தேடிவிட்டு வந்து, வாளியின் முன் நின்றார். கவிழ்த்து வைத்தால் கச்சிதமான உயரம்.

"இதுதான் சரியா வரும்" என்றார்.

"அதுல மீன் இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"மீனைத் தொட்டியில விட்டாத்தான் வாளி காலியாகும்."

"வடிகட்டி ஓடினாத்தான் மீனை விடலாம்னியே."

"வாளி இருந்தாத்தான் வடிகட்டி ஓடும்."

இருவரும் வாளியைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, உண்மையாகவே வழி தெரியாமல் நின்றார்கள். நானும் கொஞ்ச நேரம் அவர்களோடு சேர்ந்து நின்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எங்க வீட்டுல ஒரு வாளி இருக்கு" என்றேன்.

அன்றுவரை என் வாயிலிருந்து வந்த எதையும் யாரும் அப்படி மெச்சிப் பார்த்ததில்லை.

வாளி வந்தது. கவிழ்த்தார்கள். டப்பா அதன்மேல் உட்கார்ந்தது. பல்லக்கா ஒரு குழாயை உறிஞ்சித் தண்ணீரை இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். முனகல் ஒரு நிமிடம். பிறகு ஒரு விக்கல். பிறகு தொட்டியின் மேல்மூலையிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மூன்று வாரமா, ஒரு நாளா, உடனேயா என்று எந்தக் கடைக்காரரையும் கேட்காமல், பல்லக்கா வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் விட்டு மீனை ஏந்தி எடுத்துத் தொட்டிக்குள் விட்டார். அது தண்ணீரின் வேகத்தில் ஒரு சுற்று அடித்துக்கொண்டு போனது. "அய்யோ, தள்ளுதே" என்று அவர் பதறி, குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டார். மீன் அடியில் போய்ச் சாய்ந்தாற்போல நின்றது. நாங்கள் குனிந்து நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அது நிமிர்ந்தது. கிழிந்த வாலை ஒருமுறை வீசிவிட்டு, புது வீட்டின் நான்கு சுவரையும் மூக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனது.

எட்டு நாள் கழித்து மேலே போயிருந்தேன். மீன் தின்கிறது, திரிகிறது. விளக்கு, கவ்வி பொருந்தாததால், தொட்டி மூடியின் மேல் படுத்தபடியே எரிகிறது. சூடாக்கும் கருவி மறுபடி பெட்டிக்குள் போய் அலமாரிக்குள் நிற்கிறது. "எல்லாம் சரியாயிடுச்சே அக்கா" என்றேன்.

"அதான் தம்பி புரியல" என்றார். "எதனால சரியாச்சுன்னு தெரிஞ்சாத்தானே அப்பிடியே இருக்கும்னு நம்பலாம்? மூணு பேரு மூணு விதமாச் சொன்னாங்க. நான் யாரு சொன்னதையும் முழுசாச் செய்யல. ஆனா ஓடுது."

சொல்லிக்கொண்டே மண்டியிட்டு, ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை எடுத்து, அந்த ரோஜா நிற இணைப்பைச் சுற்றிக் கசிவு உண்டா என்று ஒற்றினார். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. அவர் நம்பாமல் அதை வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு" என்றார்.

பல்லக்கா அதை நான்காக மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு புதிதாக இன்னொன்றை உருவி எடுத்துக்கொண்டு, மறுபடியும் மண்டியிட்டார்.